எலிகளைப் பார்த்துக்கொண்டவர்

எலிகளைத் திட்டுவதற்கென்றே டாக்டரம்மா ஒரு குரல் வைத்திருந்தார். மனிதர்களிடம் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஆய்வகத்தின் பின்பக்கம், வாய்க்காலை ஒட்டித் தனியாக நின்ற அனிமல் ஹவுஸைக் கடந்து போகிற எவர் காதிலும் அது விழும். "குடிச்சுத் தொலை. உன்னைய வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்று உள்ளேயிருந்து வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து நடையை மெதுவாக்குவார்கள். எட்டிப் பார்த்தால், முகக்கவசம் கட்டிய ஓர் அம்மாள் உள்ளங்கையில் எலிக்குட்டி ஒன்றை ஏந்தி, ஊசி கழற்றிய சிரிஞ்சை அதன் வாயோரம் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் கால்நடை மருத்துவம் படித்தவர். ஆய்வகத்தில் இருந்த எலிகள், முயல்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் செத்துப்போன எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறவன். ஆக, எலி உயிரோடு இருக்கும்வரை அவர் கையில், அதற்குப் பிறகு என் கையில். இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. அவர் என்னை சார் என்பார், நான் அவரை டாக்டரம்மா என்பேன். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் எலித்தாய் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஒரு நாள் கேன்டீனில் எல்லார் முன்பாகவும், இந்தப் பேச்சு தாய் எலி காதில் விழுந்தால் அது பாட்டுக்குக் கடித்து வைத்துவிடும், அப்புறம் என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

இதைக் கேட்டுவிட்டு அவரை இளகிய மனசுக்காரர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வு முடிகிற நாளில் எலிகளைக் கொல்லும் வேலையும் அவருடையதுதான். அதை வேறு யாரிடமும் விடமாட்டார். முடித்துவிட்டுக் கை கழுவி, இன்றைக்கு கேன்டீனில் மட்டன் குழம்பு உண்டா என்று விசாரிப்பார். எலிக்குப் பெயர் வைத்த ஒரு ஆராய்ச்சி மாணவியை அவர் வாங்கு வாங்கென்று வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. பெயர் உன் ஆசைக்கு வைப்பது, எலிக்கு வேண்டியது பாலும் சூடும்தான் என்றார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மாவே போய் ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அதுதான் அவர் குணம். கண்முன்னால் ஓர் உயிர் இருந்தால், அது சாப்பிட்டதா, குடித்ததா, குளிரில் கிடக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் அவருக்கு. பிரியமாக நாலு வார்த்தை பேசத் தெரியாது. வாய் ஒரு பக்கம் திட்டிக்கொண்டிருக்கும், கை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தை அழுதால், அதன் தாயிடம், கடைசியாக எப்போது குடித்தது என்று போலீஸ்காரர் கேட்பதுபோலக் கேட்பார். வேளாங்கண்ணித் திருவிழா பஸ்ஸில் ஒரு முறை அப்படிக் கேட்டதற்கு, அந்தப் பெண்ணின் மாமியார் பிடித்துக்கொண்டுவிட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா என்று சண்டை. டாக்டரம்மா குழந்தையின் நாக்கைப் பார்த்தபடி இருந்தார். நாகப்பட்டினம் வருவதற்குள் அந்த மாமியாரே தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டாராம். இதை அவர் வெற்றியாகச் சொல்லவில்லை. தொண்டை காய்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன வாய் அந்த அம்மாவுக்கு என்றுதான் சொன்னார்.

எங்கள் பேராசிரியருக்கு அறுபது நிரம்பியபோது திருக்கடையூரில் மணிவிழா. ஆய்வகமே வேன் பிடித்துப் போயிருந்தோம். அங்கே ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களுக்கு விழா நடக்கும். கோபூஜைக்கு நிறுத்தியிருந்த பசுவும் கன்றும் விடிந்ததிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தின் முன்னாலும் போய் நின்று மஞ்சளும் குங்குமமும் வாங்கிக்கொண்டிருந்தன. எங்கள் முறை வந்தது. ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். டாக்டரம்மா பட்டுப்புடவையோடு குனிந்து கன்றின் வயிற்றைத் தடவினார். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து மாட்டுக்காரரை ஒரு முறை முறைத்தார். கன்று குடிக்கத் தொடங்கினால் பசு அடுத்த குடும்பத்துக்கு நகராது என்று அந்த மாட்டுக்காரர் கயிற்றைக் குறுக்கிப் பிடித்திருந்தார்.

டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை. கயிற்றை அவர் கையிலிருந்து உருவி விட்டுவிட்டார். கன்று போய் மடியில் முட்டியது. மந்திரம் நின்றுபோனது. உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், நல்ல நேரம் போகிறது என்று ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். மாலையும் கழுத்துமாக நின்ற பேராசிரியர் சிரித்துவிட்டார். "அது குடிக்கட்டும்யா. அறுபது வருஷம் போயிருச்சு, இன்னும் கொஞ்ச நேரம் போனா எனக்கு என்ன கொறஞ்சிடும்?" என்றார். கன்று குடித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் நின்றோம். அன்றைய புகைப்படங்களில் ஒன்றுகூட அந்தக் கன்று மடியை விட்டு நிற்கிற மாதிரி இல்லை. அப்படி ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டிருந்த இரண்டு பேர் பின்னால் முகம் பார்க்காமல் பிரிய வேண்டி வந்ததே என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

பேராசிரியர் ஆராய்ச்சிக்கு வருமுன் குழந்தை மருத்துவராக இருந்தவர். அவர் மனத்தில் ஒரே ஒரு நோய்தான் உட்கார்ந்திருந்தது. மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் கிருமி புகுந்து வருகிற காய்ச்சல். பிள்ளையின் கழுத்து விறைத்துப் போகும், வலிப்பு வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி செத்துவிடும். ஆனால் செத்த கிருமியின் சிதறல்களைக் கண்டு உடம்பு இன்னும் மும்முரமாகச் சண்டை போடும். அந்தச் சண்டையில் மூளை வீங்கும், செவி நரம்பு கெடும். கிருமியிடமிருந்து பிழைத்த பிள்ளை இப்படித் தன் உடம்பிடமே அகப்பட்டுக்கொள்ளும். பாபநாசம் பக்கத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புகிற நாளில், அவள் அம்மா சந்தேகப்பட்டு மகளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டை ஓங்கித் தட்டினாராம். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் மட்டும் திரும்பவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இறங்கிவிடும்.

ஆகவே ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுக்க, அந்த வீக்கத்தைத் தணிக்கிற ஒரு துணைமருந்து வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. நம்பிக்கை தருகிற ஒன்று கையில் இருந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் எலிகளில் காட்டியாக வேண்டும். பால்குடி மறக்காத எலிக்குட்டிகளின் பிடரியில் மெல்லிய ஊசியால் கிருமியைச் செலுத்துவோம். நோய் கண்டதும் எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக். பாதிக்குக் கூடவே அந்தத் துணைமருந்து, மறுபாதிக்கு வெறும் உப்புநீர். எந்தப் புட்டியில் எது என்று கடைசிவரை எங்களில் யாருக்கும் தெரியாது. குட்டியை மல்லாக்கப் போட்டு, தானாகப் புரண்டு எழுகிறதா, எவ்வளவு நேரத்தில் எழுகிறது என்று பார்ப்பார்கள். தேறாத நிலைக்குப் போய்விட்டதை டாக்டரம்மா வலியில்லாமல் முடித்துவிடுவார். பிறகு எல்லா மூளைகளும் என் மேசைக்கு வரும்.

இடையில்தான் டாக்டரம்மாவின் குணம் வேலை செய்தது. நோய்ப்பட்ட குட்டியால் தாயிடம் ஊர்ந்து போக முடியாது. தாய் எலியும் தளர்ந்ததைத் தள்ளிவிட்டு மற்றவற்றுக்கு மடி கொடுக்கும். இவர் அதை எடுத்துத் தாயின் காம்பில் கொண்டுபோய் வைப்பார். பிடிக்கத் தெம்பில்லை என்றால் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகப் பால். உடம்பு சில்லிட்டிருந்தால் வெந்நீர்ப் பையின் மேல் துணி விரித்துக் கிடத்துவார். விரல் நுனியால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பால் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் கூண்டில் விடுவார். கூண்டில் பரப்புகிற உமியைக்கூட மில்லிலிருந்து வந்தபடி போடவிடமாட்டார். தூசி மூக்கில் ஏறும் என்று சலித்துத்தான் போட வேண்டும். ஐப்பசிப் புயலில் கரண்ட் போன ஒரு பகலில், கேன்டீன் அடுப்பில் இட்லிப் பானையை இறக்கிவைத்துவிட்டு எலிகளுக்கு வெந்நீர் போட்டார். மதியம் எங்களுக்கு வெறும் அவல்தான் கிடைத்தது.

முதல் சுற்று முடிந்து, எந்தப் புட்டியில் எது என்று பிரித்துப் பார்த்தோம். வித்தியாசம் இல்லை. துணைமருந்து கொடுத்தவையும் பெரும்பாலும் பிழைத்திருந்தன, கொடுக்காதவையும் பெரும்பாலும் பிழைத்திருந்தன. என் சீவல்களும் அதையேதான் சொல்லின. பேராசிரியர் என் அறைக்கு வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பார்க்கிறாரா, முகத்தை மறைத்துக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் திட்டம் தோற்றால் அந்த மருந்தைத் தூக்கி வைத்துவிடுவார்கள், தன் காலத்தில் அடுத்தது ஒன்று வராது என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் காலை முழுக்க அவர் அனிமல் ஹவுஸ் கண்ணாடிக்கு வெளியே நின்று டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் எங்களைக் கூட்டினார்.

அவர் சொன்னது நியாயமில்லாத பேச்சு அல்ல. மற்ற ஆய்வகங்களில் இந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்களோ அப்படித்தான் நாமும் செய்ய வேண்டும், ஆன்டிபயாடிக், தீவனம், தண்ணீர், வேளாவேளைக்குப் பார்வை, அதற்கு மேல் எதுவும் கூடாது, சாகப்போகிறதை எல்லாம் கையில் வைத்துப் பிழைக்க வைத்தால் மருந்துக்குக் காட்ட என்ன மிச்சம் இருக்கிறது என்றார். குரலை உயர்த்தவில்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

டாக்டரம்மா எழுந்து நின்று பேசினார். நிற்க வேண்டிய அவசியமே இல்லை. "நோய்ல செத்துச்சுன்னு எழுதணும்னா, பாத்துக்காம சாகலன்னு மொதல்ல தெரியணும்ல சார்? மருந்து நல்ல மருந்துன்னா நான் பாத்துக்கிட்டதுக்கும் மேல ஒரு படி காட்டட்டும். காட்டலன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

பேராசிரியர், "எல்லா வார்டுலயும் ஒரு டாக்டரம்மா இருக்க மாட்டாங்கம்மா" என்றார்.

வார்டில் இடமில்லாமல் பாயில் கிடக்கிற பிள்ளைகளைப் பேராசிரியர் பார்த்திருக்கிறார், நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிடலாமே, பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம், பார்த்துக்கொள்ளாமல் ஒரு கூட்டம் என்று நான் சொன்னேன். அவ்வளவு எலிகளுக்கு அனுமதி இல்லை, திட்டத்தில் அவ்வளவு காலமும் மீதி இல்லை. டாக்டரம்மாவை முயல்களுக்கு மாற்றுவது என்று முடிவானது.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையோடு பஸ் நிறுத்தத்துக்கு அவரோடு நடந்துபோனேன். குறுவை அறுத்து முடித்த வயல்களில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. அவர் தன்னைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை. அன்று மட்டும் பேசினார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவருடைய ஊர். அவருடைய அம்மா நடவு, அறுப்பு இல்லாத நாளில் பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகையில் வேலை செய்தவர்.

"அந்த வீட்டுல கன்னு செத்தா எங்கம்மாவத்தான் சார் கூப்புடுவாங்க. நோயா, பாம்பு தீண்டிச்சா, பனியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீ ஒழுங்கா பாத்துருந்தா செத்துருக்குமான்னு கேப்பாங்க. எங்கம்மா தல குனிஞ்சு நிக்கும். பாத்துக்கிட்டோம்னு சொல்லக்கூட வாய் வராது அதுக்கு. அதனாலயே ஒரு கன்னுக்கும் அது ஒரு கொற வச்சதில்ல. அப்பவும் சிலது செத்துச்சு. அது நோயில செத்தது. எங்கம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

எங்கள் வீட்டிலும் நிலம் இருந்தது, கொட்டகை இருந்தது. கன்று செத்த நாளில் யாரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் வந்தது. ஏறும்போது, கூட்டத்தில் நீங்கள் சொன்னது சரியான யோசனை சார், அப்படிச் செய்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு பார்த்திருப்பேன் என்றார். அவர் வாயால் யாரையும் சரி என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

முயல்களோடு அவர் அதிக நாள் இருக்கவில்லை. திருவாரூர்ப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் மாட்டு மருத்துவராக வேலை கிடைத்துப் போய்விட்டார். வழியனுப்பு விழா வேண்டாம் என்றுவிட்டார். கிளம்புமுன் அனிமல் ஹவுஸுக்குப் போய், புதிதாக வந்திருந்த மருத்துவரிடம் ஒரு நல்ல குட்டியை எடுத்துக் காட்டி, வயிற்றில் இப்படித் தொட்டால் பால் தெரியும் என்றாராம். அந்தப் பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, செய்முறையில் அது இல்லையே மேடம் என்று சொன்னதாம். அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் பிசகாமல் செய்தவன் அவன். எலிக்குட்டிகள் தேறாத நிலைக்குப் போனால் தாமதிக்காமல் முடித்தான். அவற்றைத் துன்புறுத்தினான் என்று யாரும் சொல்ல முடியாது. அனிமல் ஹவுஸ் அமைதியாகிவிட்டது, அவ்வளவுதான். பின்பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது என்னவோ போல இருந்தது.

இரண்டாவது சுற்று முடிந்தது. புட்டிகளைப் பிரித்தோம். இந்த முறை வித்தியாசம் பளிச்சென்று இருந்தது. துணைமருந்து பெற்றவை பிழைத்திருந்தன, பெறாதவற்றில் நிறையச் செத்திருந்தன. பேராசிரியர் திருவையாற்றுக்கு ஆளனுப்பி அசோகா அல்வா வாங்கி வரச் செய்து, வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் தன் கையால் கொடுத்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. நானும் வாங்கித் தின்றேன்.

தின்றுவிட்டு என் அறைக்குப் போய் இரண்டு சுற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துணைமருந்து பெற்ற எலிகள் டாக்டரம்மா இருந்தபோது எவ்வளவு பிழைத்தனவோ ஏறக்குறைய அவ்வளவுதான் இப்போதும் பிழைத்திருந்தன. அந்தப் பக்கம் ஒன்றும் கூடவில்லை. மருந்து பெறாத பக்கத்தில் சாவு கூடியிருந்தது. அவர் கை செய்துகொண்டிருந்த வேலையை மருந்து செய்திருந்தது. கையும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் கிடந்தவை செத்திருந்தன.

எனக்கு வேண்டியது மூளை மட்டும்தான். எலியின் வயிற்றைத் திறக்கும் வேலை எனக்கு இல்லை. அந்தச் சுற்றில் தானாகச் செத்துக் கிடந்தவற்றின் உடல்கள் குளிர்பெட்டியில் இருந்தன. திறந்து பார்த்தேன். இரைப்பைகள் சுருங்கிக் கிடந்தன. பால் இல்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார், நடுவில் குறுக்கிடவில்லை. நோய் முற்றினால் குட்டி குடிக்காது, குடிக்காததும் அந்த நோயின் ஒரு பகுதிதானே என்றார். அதுவும் உண்மைதான். நாம் எழுதப்போகிறதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்றார். அதுவும் உண்மை. முதல் சுற்றையும் மறைக்காமல் எழுதினார், அப்போது கூடுதல் பராமரிப்பு தரப்பட்டது என்று ஒரு வாக்கியம் சேர்த்தார். நேர்மையான மனிதர். நான் சொன்ன வயிற்றுச் சங்கதிக்கு அதில் இடமில்லாமல் போனது. அந்த மருந்து இன்னும் எந்தப் பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். தட்டுச் சத்தத்துக்குத் திரும்பாத அந்தப் பெண்ணை நினைத்தால் வேறு எப்படி ஆசைப்பட முடியும்? ஆனால் அது எதைக் குணமாக்கியது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கட்டுரை வெளிவந்தபோது பேராசிரியர் அதை அழகாக அச்செடுத்து, ஒரு ஸ்வீட் பெட்டியோடு திருவாரூருக்கு டாக்டரம்மாவுக்கு அனுப்பி வைத்தார். மனஸ்தாபம் தீரட்டும் என்று நினைத்தார் போலும். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்கிற பகுதியில், ஆய்வு விலங்குகளைப் பராமரித்ததற்காக என்று போட்டு, அவர் பெயரை முழுதாக, பட்டத்தோடு சேர்த்திருந்தார். அவர் இல்லை என்றால் இந்த ஆய்வு இல்லை என்று எங்களிடமும் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

நாலைந்து நாள் கழித்து டாக்டரம்மா எனக்குப் போன் செய்தார். பின்னால் மாடு கத்துகிற சத்தமும், யாரையோ அவர் திட்டுகிற சத்தமும் கேட்டது. முதலில் ஊர்ச் சங்கதி விசாரித்தார், என் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார், நடக்கிறேனா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"செத்ததுங்களோட வயித்தப் பாத்தீங்களா சார்?"

அவர் அதைத்தான் கேட்பார் என்று எனக்கு ஏனோ தெரிந்திருந்தது. பார்த்தேன் என்றேன்.

"பால் இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

அவர் அழுகிறவர் இல்லை. பேசியபோது குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, கொஞ்சம் தணிந்திருந்தது.

"அப்ப அதுல என் பேர எடுக்கச் சொல்லுங்க சார். அந்த எலிங்கள நான் பாத்துக்கலயே."

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. மரியாதைக்காகப் போட்டதுதானே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னாலும், அன்றைக்கே பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். ஆய்வில் தவறு இருந்தால் திருத்தம் வெளியிடலாம், வெளிவந்துவிட்ட நன்றியைத் திரும்பப் பெற வழியில்லை என்று பதில் வந்தது. டாக்டரம்மாவிடம் அதை நான்தான் சொன்னேன். சரி சார், விடுங்க என்றார். பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தபோதெல்லாம் ஏதாவது ஒரு மாட்டுக்குக் கன்று ஈனும் நேரமாக இருந்தது.

அவர் பெயர் அச்சாகியிருப்பது உலகத்தில் அந்த ஓரிடத்தில் மட்டும்தான். அதை அங்கிருந்து எடுக்க என்னால் ஆகவில்லை. இங்கேயாவது அந்தப் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன்.